கம்பி நாலும் நிற்குது, போன் மட்டும் பேசல: டெல்டா டவர் அப்கிரேடு பற்றி

"டவரை மாத்தினாங்க, அதுக்கப்புறம்தான் மோசமாப் போச்சு." திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, சீர்காழிப் பக்கம் அடிக்கடி காதில் விழும் புகார் இது. நிறுவனத்தைக் கேட்டால், "உங்க ஏரியா 4ஜி ஆயிடுச்சு, 5ஜி ஆயிடுச்சு" என்கிறார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. டவரில் புதுப் பெட்டி (ரேடியோ கருவி) ஏறியது உண்மை, பேச்சு அறுபடுவதும் உண்மை.

அப்கிரேடு முடிந்ததா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான். ஐப்பசி மழை ராத்திரியில், கரண்ட் போய் ஆறு மணி நேரம் கழித்து, வேதாரண்யத்திலிருந்து போட்ட கால் உடனே கிடைத்து, ஐந்து நிமிடம் அறுபடாமல் நிற்க வேண்டும். பட்டப்பகலில் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் எடுத்த ஸ்பீடு டெஸ்ட் படத்தை அதற்குச் சான்றாக என்னால் ஏற்க முடியாது.

கம்பிக் கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். போனில் தெரியும் கம்பி, போனுக்கும் டவருக்கும் நடுவில் இருக்கும் அலையின் பலம் மட்டுமே. டவருக்குப் பின்னால் இருக்கும் பாதையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி அலைவரிசை, இரண்டு ஆண்டெனா முறையில், டவரின் ஒரு பக்கத்துக்கு உச்சமாக 150 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகம் தரும். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 75, வெறும் 5 என்றால் சுமார் 37. அந்த 37ஐத்தான் அந்தப் பக்கத்திலுள்ள அத்தனை தெருவும் பங்கு போட்டுக்கொள்கிறது. வழக்கமாக டவருக்கு மூன்று பக்கம். மூன்றையும் சேர்த்து வெளியே கொண்டுபோக ஃபைபர் இல்லாமல், டிரம் போலத் தெரியும் மைக்ரோவேவ் தட்டு மட்டும் இருந்தால், அதன் கொள்ளளவுதான் ஊருக்குக் கிடைக்கும் வேகம். அதிலும் ஒரு டவர் அடுத்த டவருக்கு, அது அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போனால், வாய்க்கால் கடைமடை நிலைதான்: தலைமடைக்காரர் எடுத்தது போக மிச்சம். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும் மைக்ரோவேவ் இணைப்பு அடைமழையில் இன்னும் பலவீனமாகும். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் பூமியில் ஃபைபர் இழுக்காமல் ரேடியோவை மட்டும் மாற்றுவதைப் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

குறை எங்கே என்று வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் தெரியும். பல போன்களில் டயல் பேடில் *#*#4636#*#* போட்டாலும் வரும். ஐபோனில் *3001#12345#* போட்டு கால் பட்டனை அழுத்த வேண்டும். 4ஜியில் -90க்கு மேல் (அதாவது -85, -80) இருந்தால் நல்ல சிக்னல். -110ஐத் தாண்டிக் கீழே போனால் வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டு வரும். -85 காட்டியும் ராத்திரி எட்டு மணிக்கு நெட் நகராமல், விடிகாலை ஐந்து மணிக்கு ஓடுகிறது என்றால், அது நெரிசல். விடிகாலையிலும் நகரவில்லை என்றால் டவருக்குப் பின்னாலுள்ள பாதையிலோ அமைப்பிலோ கோளாறு. -115 காட்டினால் அலையே சரியாக எட்டவில்லை. மூன்றும் மூன்று வேறு நோய். மூன்றுக்கும் "ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் மக்களுக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

கரண்ட் விஷயம் இதைவிடப் பெரிது. டவரில் இருப்பது 48 வோல்ட் பேட்டரி. 600 ஆம்பியர் அவர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால் 28.8 யூனிட். அதில் 80 சதவீதம் எடுக்கலாம் என்றால் 23 யூனிட். பழைய பெட்டிகள் 2 கிலோவாட் இழுத்தபோது அது பதினோரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். புதுப் பெட்டிகள் ஏறி, பழையதையும் கழற்றாமல் விட்டு, இழுவை 4 கிலோவாட் ஆனால் ஆறு மணி நேரம்கூட வராது. வயதான லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதிலும் பாதிதான். முன்பெல்லாம் கரண்ட் போனாலும் டவர் நின்றது, இப்போது சீக்கிரமே போய்விடுகிறது என்று சொல்லும் பெரியவர்களிடம் கற்பனை எதுவும் இல்லை. அவர்கள் சொல்வது இந்தக் கணக்குத்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில், சில ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு கரையில் ரேடியோவை ஏற்றும் அன்றே பேட்டரியையும் ஏற்ற வேண்டும், டீசல் எத்தனை நாளுக்கு இருப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

கடற்கரைக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. அப்கிரேடின்போது ஆண்டெனாவின் சாய்வையும் மாற்றுவார்கள். 40 மீட்டர் உயரத்தில் 2 டிகிரி சாய்வு என்றால் அலையின் நடுப்பகுதி சுமார் 1,150 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 6 டிகிரி ஆக்கினால் 380 மீட்டரிலேயே விழுந்துவிடும். ஊருக்குள் வேகம் கூடும். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் படகில் போனவருக்குக் கரை மறையும் முன்னே சிக்னல் மறையும். கடல் பார்த்த பக்கத்துக்கு மட்டும் சாய்வைக் குறைவாக வைத்து, 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசையைக் கொடுக்கலாம். இதற்குப் புதிய டவர் வேண்டாம், அக்கறை இருந்தால் போதும்.

நம் பக்கத்திலும் சரிபார்க்க வேண்டியவை உண்டு. 3ஜி நிறுத்தப்பட்ட இடத்தில் போனில் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் ஆகவில்லை என்றால், பேசும்போது போன் 2ஜிக்கு இறங்கும், அதுவரை ஓடிய நெட் நிற்கும். ஜியோவில் 2ஜி, 3ஜி ஆரம்பத்திலிருந்தே கிடையாது, ஆகவே பழைய பட்டன் போன் அங்கே வேலை செய்யாது. பிஎஸ்என்எல் 4ஜி முக்கியமாக 700, 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழைய 4ஜி போன் பலவற்றில் 700க்கான பேண்ட் 28 இல்லை. டவர் பக்கத்திலேயே இருந்தும் வீட்டுக்குள் எடுக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். போன் வாங்கும்போது அட்டையில் பேண்ட் 28 இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஃபைபர் இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்குள் அதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை.

பழைய சிம்மை 4ஜி சிம்மாக மாற்றச் சொல்லி மெசேஜ் வந்தால் நாள் பார்த்து மாற்றுங்கள். மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது, நல்ல விதிதான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணம் ஏறிய மெசேஜுக்குக் காத்திருக்கும் நாளிலோ, பயிர்க் காப்பீட்டுக்கு ஓடிபி வேண்டிய கடைசி நாளிலோ மாற்றினால் தவிக்க வேண்டியதுதான். கவுண்டரில் இருப்பவர்கள் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த தரவிதிகளின்படி, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. இயற்கைப் பேரிடருக்கு இது பொருந்தாது. என் மறுப்பு அந்த 'மாவட்ட அளவு' என்ற சொல்லின் மேல்தான். முத்துப்பேட்டை சுற்றுவட்டாரம் மட்டும் மூன்று நாள் ஊமையாகக் கிடந்தாலும் திருவாரூர் மாவட்டம் முடங்கியதாகக் கணக்கில் வராது. தாலுகா அளவுக்கு, முடிந்தால் ஊராட்சி அளவுக்கு அதை இறக்க வேண்டும். அதே விதிகளின்படி எந்த இடத்தில் எந்த சேவை உண்டு என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். உங்கள் தெருவை அதில் தேடுங்கள். அங்கே சேவை உண்டு என்று காட்டி வீட்டில் -115 இருந்தால், அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும்தான் உங்கள் புகாரின் உயிர்.

புகாரை 198க்குப் போடுங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஊர், தெரு, தேதி, நேரம், டிபிஎம் அளவு, போன் மாடல், 4ஜியா 5ஜியா, அதே இடத்தில் அதே நிறுவனத்தின் வேறு போனில் எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் தனித்தனி எண்ணோடு போட்ட புகாரை, பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிடத் தள்ளிவிடுவது கடினம்.

அதற்கும் அசையவில்லை என்றால் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம்: PORT என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ். வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். அதற்கு முன் போகப்போகும் நிறுவனத்தின் சிம் ஒன்றை ஒரு மாதம் இரண்டாவது சிம்மாகப் போட்டு, வீட்டில், வயலில், களத்துமேட்டில், மழை நாளில், கரண்ட் இல்லாத ராத்திரியில் பேசிப் பார்த்துவிடுங்கள். போர்ட் ஆனபின் 90 நாள் அங்கிருந்து நகர முடியாது.