"எஃப்.சி. தேறிடும் சார்" என்ற பேச்சை நம்பி ஈகோஸ்போர்ட் வாங்காதீர்கள்

மறைமலைநகர் ஆலையில் தயாராகி 2013 ஜூனில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டுகளுக்கு 2028-இல் 15 வயது முடிகிறது. சொந்த உபயோகக் கார் என்றால் நம் நாட்டில் அதுவரை யாரும் அதை அடியில் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, புகைச் சான்று மட்டும் கையில் இருந்தால் போதும். 15 ஆண்டு முடிந்த பிறகுதான் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தேறினால் அடுத்த 5 ஆண்டு ஓட்டலாம். அந்த நாள் நெருங்க நெருங்க, பழைய ஈகோஸ்போர்ட்டை விற்பவர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: "எஃப்.சி. தேறிடும் சார், வண்டி கல்லு மாதிரி." முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதிக்கும் முதல் பாதிக்கும் சம்பந்தமே இல்லை. இந்த நீண்ட பதிவு அதைப் பற்றித்தான்.

இதே வண்டி சென்னையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. 2017-இல் ஐரோப்பிய உற்பத்தி ருமேனியாவின் க்ராயோவாவுக்கு மாறியது. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்டும் சென்னையில் செய்ததுதான். ஆகவே அங்குள்ள சோதனை அனுபவம் நமக்கும் பாடம். பிரிட்டனில் காருக்கு 3 வயதானதும் எம்ஓடி சோதனை, பிறகு ஆண்டுதோறும். வண்டி எண்ணைப் போட்டால் எந்த ஆண்டு எதில் தோற்றது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்று அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே கார் தேடும் நம்மவர்கள் இந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. ஆனால் அதே அரசு தன் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை எம்ஓடியில் வராது. ஜெர்மனியிலும் வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பான டியூவின் அறிக்கை என்பது சோதனைக் கூடத்தில் கண்ட குறைகளின் கணக்கு. நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளை அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி தனியாக எண்ணுகிறது. ஒரு கணக்கில் நல்ல பெயர் எடுத்த கார் இன்னொன்றில் கடைசியில் நிற்கலாம்.

ஈகோஸ்போர்ட் விஷயத்தில் இந்த இடைவெளி மிகப் பெரிது. சோதனையில் மாட்டுவதெல்லாம் சில மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய சில்லறைச் சாமான். வண்டியைக் கொல்லும் சாமான் எதுவும் சோதனைக்கு உட்பட்டதல்ல.

முதலில் மாட்டுவது எது என்று பார்ப்போம். 200 மி.மீ. தரை இடைவெளி, உயரமான உடம்பு. குழியில் இறங்கி ஏறும்போது இந்த உடம்பின் ஆட்டமெல்லாம் முன்பக்கத்து லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர் மூட்டு) ஸ்டெபிலைசர் லிங்க் ராடையும்தான் தாக்குகிறது. வேகத்தடையில் 'டொக்' என்று சத்தம் வந்தால் முதலில் லிங்க் ராடைச் சந்தேகியுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் லேசாக இழுத்தால் லோயர் ஆர்மின் பின் புஷ். முன் சக்கரத்தைத் தூக்கி 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. 9 மணி, 3 மணி இடத்தில் ஆடினால் டை ராடு எண்ட். தானியங்கி சோதனை நிலையத்தில் சக்கரத்தைத் தட்டின் மேல் நிறுத்தி இடமும் வலமும் அசைத்து இதைத்தான் பார்க்கிறார்கள். புஷ் மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் சைட் ஸ்லிப் சோதனையில் தோற்றுவிடும்.

பிரேக்கில் பின் டிரம்தான் பிரச்சினை. உள்ளே சேரும் தூசு, ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ அட்ஜஸ்டரை இறுக்கிவிடும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. ஓட்டும்போது இது தெரியாது, சோதனை நிலையத்தின் பிரேக் ரோலரில் ஏற்றினால் உடனே தெரியும். எம்ஓடியில் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் பிரேக் விசையில் 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தோல்வி. சோதனைக்கு முன்பே டிரம்மைக் கழற்றி, தூசைத் துடைத்து, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்து, அட்ஜஸ்டர் பல்லைச் சுழலவிட்டு மாட்டுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் இழுத்து டைட் வைப்பது தவறு. அட்ஜஸ்டர் வேலை செய்யாத டிரம்மில் கேபிளை இறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும்.

ஹெட்லைட் கண்ணாடி வெயிலில் மஞ்சளாவதும், ஹாலோஜன் கூட்டுக்குள் வெளியில் வாங்கிய எல்இடி பல்பைச் செருகுவதும் வெளிச்சச் சோதனையில் மாட்டிவிடும். பழைய பல்பை மாட்டிக்கொண்டு போங்கள். டயர் பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

புகைச் சோதனை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்ரோலில் பிஎஸ்-4 வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரைதான் அனுமதி. 20 நிமிடமாவது ஓட்டி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடான பிறகு காட்டினால் நல்ல வண்டி தேறிவிடும். டீசலில் கதை வேறு. ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்து உச்ச சுழற்சி வரை இன்ஜினை ஏற்றி இறக்கித்தான் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத 1.5 டீசலை இப்படி உறுமவிடுவது ஆபத்து. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டே போய்விடும். டீசல் வாங்கினால் முதல் வேலை பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுவது. பிறகுதான் புகைச் சான்று.

இனி, எந்த இன்ஸ்பெக்டர் கண்ணிலும் படாத விஷயம். 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோலிலும், 2017 நவம்பரில் வந்த மூன்று சிலிண்டர் 1.5 டிராகன் பெட்ரோலிலும் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பதற்காகச் செய்த வடிவமைப்பு. ஈகோபூஸ்ட்டில் ஆயில் பம்ப்பையும் ஒரு தனி பெல்ட்தான் ஓட்டுகிறது. ஆயில் சரியாக இருக்கும்வரை பெல்ட்டும் சரியாக இருக்கும். தவறான ஆயிலை ஊற்றினால், அல்லது நாள் கடந்த ஆயிலில் ஓட்டினால், ரப்பர் ஊறி, வெடித்து, துகளாக உதிரும். அந்தத் துகள் ஆயில் சேம்பரில் இறங்கி, உறிஞ்சு குழாயின் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் பிரஷர் விழும். முதலில் பலியாவது டர்போ, அடுத்து கேம், பேரிங்.

தினமும் 2 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கு இது இன்னும் மோசம். ஈகோபூஸ்ட்டில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியாத பெட்ரோல் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகிப் போகும். குறைந்த கி.மீ. ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற நம் கணக்கு இந்த இன்ஜினில் தலைகீழ். டிராகனில் பெட்ரோல் இன்டேக் போர்ட்டில் பீய்ச்சப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நனைந்த பெல்ட் அங்கேயும் உண்டு.

2023 டிசம்பரில் ஃபோர்டு அமெரிக்காவில் 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்டையும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸையும் சேர்த்து சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் 1.0 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் ஒடிவதும் பெல்ட்டின் பற்கள் உதிர்வதும்தான் காரணம். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டர் உதவியும் போய்விடும் என்பதால் இது வெறும் செலவுக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

ஐரோப்பாவில் இந்த டைமிங் பெல்ட்டுக்கு நிறுவனம் கொடுத்த கெடு 10 ஆண்டு அல்லது 2,40,000 கி.மீ. அந்த கி.மீ. எண்ணை மறந்துவிடுங்கள். என் கணிப்பில் 1 லட்சம் கி.மீ. அல்லது 8 ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஈகோபூஸ்ட்டுக்கு ஆயில் ஃபோர்டின் டபிள்யூ.எஸ்.எஸ்-எம்2சி948-பி தரமுள்ள 5டபிள்யூ-20 மட்டுமே. டப்பாவின் பின்பக்கம் இந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். "கொஞ்சம் கெட்டியா ஊத்தினா நல்லது" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள். 8,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டில் மாற்றுங்கள்.

வாங்கும் முன் பார்க்க வழி இருக்கிறது. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளைப் பிரித்தால் கறுப்பு நார், ரப்பர் துணுக்கு தெரியும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடானபின் அளக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் சேம்பரை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்க்க வேண்டும். விற்பவர் இதற்கு மறுத்தால் பெல்ட் மாற்றும் முழுச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ஈகோபூஸ்ட்டின் க்ராங்க் புல்லி, நகராமல் பிடிக்கும் உலோகக் கீ எதுவும் இல்லாமல், போல்ட்டின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. லாக்கிங் டூல் இல்லாதவர் கழற்றினால் டைமிங் நகர்ந்துவிடும். அதற்கான டூல் செட் கையில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டே வண்டிச் சாவியைக் கொடுங்கள்.

ஆட்டோமேட்டிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 நவம்பருக்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக் என்றால் அது உலர் இரட்டை கிளட்ச் பவர்ஷிஃப்ட். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது நடுக்கம், திடீரென நியூட்ரலுக்குப் போவது, ஸ்டார்ட் ஆக மறுப்பது ஆகியவை இதன் வழக்கமான நோய்கள். ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் மூன்றிலும் இந்தக் கியர்பாக்ஸ் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபோர்ஸ்கேன் செயலியோடு ஒரு ஸ்கேனரைச் செருகி, யூ0101 என்ற குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தொடர்பு அறுந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள். 2017 நவம்பருக்குப் பிந்தைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை.

என்னைக் கேட்டால், 15 ஆண்டைத் தாண்டியும் வைத்திருக்க ஏற்றது உலர்ந்த பெல்ட் கொண்ட நான்கு சிலிண்டர் 1.5 பெட்ரோல் மேனுவல். இழுவை குறைவுதான், ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கலாம். அதிகம் ஓடுபவர்களுக்கு 1.5 டீசல் மேனுவல்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். புஷ், டிரம், ஹெட்லைட் வேலையை அதற்கு முந்தைய மாதமே முடித்துவிடுங்கள். நனைந்த பெல்ட் வண்டி என்றால் அந்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த ஆயில் சர்வீஸிலேயே ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்.