வாடகையை மட்டும் பார்த்துப் போகாதீர்கள்
கொழும்பு வெள்ளவத்தையை விட்டு புறநகரான வத்தளை, கந்தானைப் பக்கம் போனால் பாதிச் செலவில் குடியிருக்கலாம் என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. வாடகை குறைவுதான், ஆனால் செலவு பாதியாகாது. நாங்கள் வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் ஒரு அனெக்ஸில், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த வாடகைப் பகுதியில், மூன்று வருடம் இருந்தோம். மேலே வீட்டுக்காரர், கீழே நாங்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே மின்சார மீற்றர். இங்கே பாவனை கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். இரண்டு குடும்பத்தின் பாவனையும் ஒன்றாகச் சேர்ந்ததால், கொஞ்சமாகப் பாவித்த நாங்களும் மாதாமாதம் உயர்ந்த விலையில்தான் கட்டினோம். எங்கள் பாவனையைத் தனியாக அளக்க உள்ளே சப் மீற்றர் போட்டிருந்தும் பயனில்லை, அது யூனிட்டைத்தான் பிரிக்கும், விலையைக் குறைக்காது. அட்வான்ஸ் கொடுக்க முன் தனி மீற்றர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அப்புறம், பிள்ளைகளின் ஸ்கூல் வெள்ளவத்தையிலேயே இருந்ததால் மிச்சம் பிடித்த வாடகையில் பெரும்பகுதி ஸ்கூல் வேனுக்கே போனது. மேலே உள்ள கருத்தில் ஒருவர் வெல்லம்பிட்டி இன்னும் மலிவு என்று எழுதியிருக்கிறார். சரி, ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை பெருகி அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறக்க வேண்டாம். கீழ்த்தளம் என்றால், அப்போது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று தரகரிடம் இல்லை, பக்கத்து வீட்டாரிடம் விசாரியுங்கள்.