தீவனக் கணக்கில் கோல்ஃப்

(செட்டிபாளையத்தில் இருந்து பல்லடம் போகும் வழியில் ஒரு பேக்கரி. பொழுது சாயும் நேரம். நாச்சிமுத்து கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். குஞ்சு இறக்கிய முதல் வாரம் ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காவல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் கோல்ஃப் நடப்பதும் அந்த நேரத்தில்தான். அவருடைய கோல்ஃப் ஞானம் மொத்தமும் அப்படிச் சேர்ந்தது. வேலுச்சாமி அவர் தங்கை மகளைக் கட்டியவர். கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் வேலை. இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன்.)

நாச்சிமுத்து: ஏனுங்க மாப்ளே, ரிக்கி ஃபவுலர் என்று ஒருத்தர் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாரே. நேற்று ராத்திரி விளம்பரத்தில் ஆறு தடவை வந்தார். ஆட்டத்தில் ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. ஆளு வெத்துவேட்டுங்களா?

வேலுச்சாமி: மெதுவாகப் பேசுங்க மாமா. ஆரஞ்சு அவர் படித்த ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்து நிறமுங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைத்தான் போடுவார்.

நாச்சிமுத்து: சட்டையை விடுங்க. எனக்கு எல்லாத்துக்கும் ஒரே கணக்கு, எஃப்.சி.ஆர். எத்தனை கிலோ தீவனம் தின்றது, எத்தனை கிலோ எடை போட்டது? பேப்பர், டிவி, விளம்பரம் எல்லாம் தீவனம். மேஜர் கோப்பைதான் எடை, மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன் என்று வருஷத்துக்கு நாலே நாலு பெரிய போட்டி. இந்த ஆரஞ்சுச் சட்டை தின்ற தீவனத்துக்கு எத்தனை மேஜர்?

வேலுச்சாமி: ஒன்றும் இல்லைங்க. ஆனால் 2014-ல் நாலு மேஜரிலும் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தவர்.

நாச்சிமுத்து: எடை போடுகிறபோது "கிட்டத்தட்ட ரெண்டு கிலோ" என்று சொன்னால் கம்பெனிக்காரன் கூலி கொடுப்பானுங்களா?

வேலுச்சாமி: சித்த இருங்க, இதைக் கேளுங்க. 2015-ல் ஒரு பத்திரிகை கூட ஆடுகிறவர்களிடமே ஓட்டு எடுத்தது. பேர் போட வேண்டாம், நம்மில் யாருக்கு ஓவர் பில்டப் என்று மட்டும் சொல்லுங்கள் என்றது. ஃபவுலருக்கு 24 சதவீதம், இயான் போல்ட்டருக்கும் அதே 24. ரெண்டு பேரும் சேர்ந்து முதலிடம்.

நாச்சிமுத்து: பார்த்தீங்களா, கூட ஆடுகிறவனுக்குத்தான் வண்டவாளம் தெரியும்!

வேலுச்சாமி: அதே வாரம் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. கடைசி நாள், கடைசி ஆறு குழி. குழிக்கு இத்தனை அடி என்று கணக்கு, குறைவாக அடித்தவர்தான் ஜெயிப்பார். ஃபவுலர் அந்த ஆறில் மட்டும் கணக்கில் ஆறு அடி மிச்சம் பிடித்தார். அங்கே 17-வது குழி தண்ணீருக்கு நடுவில் தீவு மாதிரி இருக்கும். கொஞ்சம் தப்பினாலும் பந்து குளத்துக்குள். அன்றைக்கு மட்டும் அதை மூன்று தடவை ஆடினார், மூன்று தடவையும் பேர்டி, அதாவது கணக்குக்கு ஒரு அடி குறைவு. கெவின் கிஸ்னரையும் செர்ஜியோ கார்சியாவையும், சமமாக முடிந்ததால் வைத்த பிளே ஆஃபில் தாண்டிக் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

நாச்சிமுத்து: (பன்னைக் கீழே வைத்து) ஓட்டுப் போட்டவர்கள் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?

வேலுச்சாமி: பேர் போடாத ஓட்டாச்சே. எல்லாரும் கை கொடுத்து வாழ்த்தியிருப்பார்கள்.

நாச்சிமுத்து: சரி, அந்தக் கோப்பை மேஜருங்களா?

வேலுச்சாமி: இல்லைங்க.

நாச்சிமுத்து: அப்போ தராசில் ஏறாது. அடுத்த ஆள், போல்ட்டர். அவரும் கட்டம் போட்ட கால்சட்டையோடு ஊரைச் சுற்றுகிறவர்தானே?

வேலுச்சாமி: மேஜர் இல்லைதான். ஆனால் 2012 ரைடர் கோப்பை, ஐரோப்பா அணியும் அமெரிக்கா அணியும் மோதுவது, மெடினா மைதானம். ஐரோப்பா படுத்துவிட்டது, 10-க்கு 4. சனிக்கிழமை சாயங்காலம் வரிசையாக ஐந்து குழியில் ஐந்து பேர்டி போட்டார் மனுஷன். மறுநாள் ஐரோப்பா ஜெயித்தது. அத்தனைக்கும் அவர்களுக்குச் சல்லிக்காசு கூலி கிடையாது.

நாச்சிமுத்து: கூலி இல்லாத இடத்தில் வீரம் காட்டுகிறாரா? நம்ம ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வசூல் பண்ண அனுப்ப வேண்டிய ஆளு.

(இந்த இடத்தில் நாச்சிமுத்து கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி தெரிந்தது. அப்படியெல்லாம் இல்லை, அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.)

நாச்சிமுத்து: மான்ட்காமரி! ஸ்காட்லாந்துக்காரர். அவரை என்ன சொல்றீங்க?

வேலுச்சாமி: ஐரோப்பாவில் எட்டு வருஷம் முதலிடம் மாமா. அதில் 1993 முதல் 1999 வரை தொடர்ந்து ஏழு.

நாச்சிமுத்து: மேஜர்?

வேலுச்சாமி: ரெண்டாவது இடம் ஐந்து தடவை.

நாச்சிமுத்து: நான் கேட்டது மேஜருங்க.

வேலுச்சாமி: (பெருமூச்சு) அந்தக் கதையைக் கேட்டால் எனக்கே வயிறு எரியும். 2006 யு.எஸ். ஓப்பன், விங்டு ஃபுட் மைதானம், கடைசிக் குழி. பந்து நல்ல இடத்தில், வழவழவென்று வெட்டின புல்லில் கிடக்கிறது. கொடிக்கு 172 கெஜம். ஆறாம் நம்பர் இரும்பு மட்டையைக் கையில் எடுத்துவிட்டார். கூட ஆடுகிறவர் அடித்து முடிக்கிற வரைக்கும் காத்து நிற்க வேண்டிவந்தது. நின்றவர் யோசித்தார். ஆறாம் நம்பரை உள்ளே போட்டுவிட்டு ஏழாம் நம்பரை உருவினார். நம்பர் கூடினால் பந்து போகிற தூரம் குறையும். பந்து எட்டாமல் புல் காட்டுக்குள் விழுந்தது. அதை அடித்து வெளியே எடுத்த பிறகு குழிக்குள் தள்ள மூன்று தட்டு. ரெண்டு அடி நஷ்டம், ஒரே ஒரு அடியில் கோப்பை போச்சு.

நாச்சிமுத்து: அந்த நேரத்தில் பை தூக்கினவன் என்ன பண்ணிக்கொண்டிருந்தான்?

வேலுச்சாமி: எங்களை இழுக்காதீங்க மாமா. கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நேற்று நம்ம மில்காரர் ஒன்பதாம் நம்பர் போதுமான இடத்தில் ஐந்தை எடுத்தார். பந்து சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. "ஏம்பா, காற்று இருக்கிறதென்று நீ சொல்லவே இல்லையே" என்கிறார். ஓர் இலை அசையவில்லைங்க.

நாச்சிமுத்து: சரி, உலகத்தில் நம்பர் ஒன் என்கிறார்களே, அவர்களாவது சுத்தமான சரக்கா?

வேலுச்சாமி: லீ வெஸ்ட்வுட், லூக் டொனால்ட், ரெண்டு பேருமே நம்பர் ஒன்னாக இருந்தவர்கள். மேஜர் இல்லை. அந்தப் பட்டியல் ரெண்டு வருஷத்துப் புள்ளிகளைச் சராசரி போட்டு எடுப்பதுங்க.

நாச்சிமுத்து: ரெண்டு வருஷமா! என் கோழிக்கு 40 நாள்தான் தவணை.

வேலுச்சாமி: அப்போ கிரெக் நார்மன் உங்களுக்குப் பிடிக்கும். 331 வாரம் நம்பர் ஒன், கையில் ரெண்டு மேஜர். 1986-ல் நாலு மேஜரிலும் மூன்றாம் நாள் முடிவில் இவர்தான் முன்னால். ஜெயித்தது ஒன்றே ஒன்று. 1996 மாஸ்டர்ஸில் கடைசி நாள் ஆறு அடி முன்னிலையோடு இறங்கி, நிக் ஃபால்டோவிடம் ஐந்து அடியில் தோற்றார்.

நாச்சிமுத்து: (கண் கலங்கியபடி) இது எனக்கு நடந்திருக்கிறதுங்க. போன சித்திரையில் 38 நாள் கோழி, கொழுகொழுவென்று நின்றது. மறுநாள் லாரி வரவேண்டும். மத்தியானம் வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகச் சாய்ந்தது. நார்மனை ஓவர் பில்டப் என்று சொல்லாதீங்க. அவர் நம்ம ஆளு.

வேலுச்சாமி: நான் எங்கேங்க சொன்னேன்?

நாச்சிமுத்து: மெக்கில்ராய்? அவரை நான் எப்போதோ கழித்துக் கட்டிவிட்டேன். 2014-க்குள் நாலு மேஜர், அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் வெறும் தீவனம்.

வேலுச்சாமி: 2025-ல் மாஸ்டர்ஸ் ஜெயித்தாரே! ஜஸ்டின் ரோஸோடு பிளே ஆஃப். நாலு மேஜரையும் ஒரு தடவையாவது ஜெயித்த ஆறாவது ஆள் அவர். நீங்கள் பார்க்கவில்லையா?

நாச்சிமுத்து: பார்த்தேன், பாதி. விடியற்காலை, சரியான கட்டம், கரண்ட் போய்விட்டது. புரூடர் பல்பு அணைந்தால் குஞ்சு குளிருக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறி அப்பிக்கொள்ளும், அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். ஜெனரேட்டரைப் போட்டு, ஒவ்வொன்றாய்ப் பிரித்துவிட்டுத் திரும்பி வந்து போனைப் பார்க்கிறேன். மெக்கில்ராய் புல்லில் மண்டியிட்டு விக்கி விக்கி அழுகிறார். என் குஞ்சு செத்த சேதி அவருக்கு எப்படிப் போச்சென்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை.

(வேலுச்சாமிக்கு டீ மூக்கில் ஏறியது.)

வேலுச்சாமி: டைகர் உட்ஸ் மாமா?

நாச்சிமுத்து: 15 மேஜர். அது தீவனத்தைவிட எடை அதிகமாகப் போட்ட பிறவி. அவரை இந்தப் பேச்சில் சேர்க்காதீங்க, சாமி குத்தம்.

வேலுச்சாமி: நான் ரெண்டு பேர் சொல்கிறேன், எடை போடுங்க. எஸ்.எஸ்.பி. சௌராசியா. கொல்கத்தா ராயல் கோல்ஃப் கிளப்பில் புல் பார்க்கிற வேலைக்காரர் மகன். 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். இன்னொருத்தர் முனியப்பா, பெங்களூருவில் என்னை மாதிரி பை தூக்கினவர். 2009 இந்தியன் ஓப்பன் அவருக்கு. எந்த விளம்பரத்தில் பார்த்தீங்க இவர்களை?

நாச்சிமுத்து: தீவனமே போடாமலா?

வேலுச்சாமி: ஒரு மூட்டைகூட இல்லைங்க.

நாச்சிமுத்து: (மேஜையைத் தட்டி) நாட்டுக்கோழி மாப்ளே! குப்பையைக் கிளறித் தானாக வளர்ந்தது. அதனால்தான் ருசியே தனி.

(வேலுச்சாமியின் போன் அடிக்கிறது. "சரிங்க... சரிங்க... அஞ்சரைக்கு வந்துவிடுகிறேனுங்க." வைத்துவிடுகிறார்.)

நாச்சிமுத்து: மில்காரரா? அவர் ஆட்டம் எந்த லட்சணம்?

வேலுச்சாமி: 120 அடி அடிப்பாருங்க. சீட்டில் 110 என்று எழுதுவோம். வீட்டில் போய் 90 என்பார்.

நாச்சிமுத்து: அப்போ உலகத்திலேயே ஓவர் பில்டப் அவருக்குத்தான்!

வேலுச்சாமி: பில்டப் என்றால் அடுத்தவன் கொடுக்க வேண்டாமுங்களா? அவரைப் பற்றி ஊரில் ஒருத்தர்கூட நல்லதாகச் சொன்னதில்லை. அவருக்கு வேண்டிய தீவனத்தை அவரே போட்டுக்கொள்கிறார்.

நாச்சிமுத்து: தனக்குத் தானே தீவனம் போட்டுக்கொள்கிற கோழியா? அந்த ஜாதிக் குஞ்சு எங்கே கிடைக்குமென்று கேட்டுச் சொல்லுங்க மாப்ளே. நாளைக்கே ஒரு 5,000 இறக்கிவிடலாம்.