5 மி.லி. என்றால் எந்த பாட்டில்?
குழந்தைக் காய்ச்சலுக்கு 'பாராசிட்டமால் 5 மி.லி.' என்று, எந்த வகை மருந்து என்று சொல்லாமல், ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது ஆபத்தானது. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உண்டு, சிரப்பில் 5 மி.லி.க்கு 125 அல்லது 250 மி.கி. கணக்கு எடைக்குத்தான்: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி., அதாவது சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., 125 சிரப்பில் 6, 250 சிரப்பில் 3. சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும், இப்படியே தொடர்ந்து கொடுத்தால் கல்லீரல் தாங்காது. வீட்டு ஸ்பூனும் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். சளி சிரப் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. சளி மருந்துகளில் வரும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கவே கூடாதென 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றால் நேரே மருத்துவரிடம் போங்கள்.