லிமாவின் வெண்கலமும் பிள்ளைகளின் எடையும்

2025 அக்டோபரில் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் நடந்த உலக ஜூனியர் ஜூடோ சாம்பியன்ஷிப்பில், மணிப்பூரைச் சேர்ந்த லிந்தோய் சனம்பம் பெண்களுக்கான 63 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். 21 வயதுக்குட்பட்டோருக்கான இந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2022 ஆகஸ்டில் போஸ்னியாவின் சரயேவோ நகரில் நடந்த உலக கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) சாம்பியன்ஷிப்பில், பிரேசில் வீராங்கனை பியான்கா ரெய்ஸை இறுதிப் போட்டியில் வென்று தங்கம் பெற்றவரும் இவர்தான். உலக ஜூடோ சாம்பியன்ஷிப் எதிலும், எந்த வயதுப் பிரிவிலும், அதற்கு முன் இந்தியர் ஒருவர்கூடப் பதக்கம் பெற்றதில்லை. இவ்வளவு பெரிய செய்தி நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ஓர் ஓரத்தோடு நின்றுபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்தப் பதிவை நான் எழுதுவது வேறொரு காரணத்துக்காக.

சரயேவோவில் அவர் ஆடியது 57 கிலோ பிரிவில்; லிமாவில் 63 கிலோ பிரிவில். வளரும் வயதில் ஒரு பெண்ணின் உடல் மூன்று ஆண்டுகளில் எப்படி மாறுமோ அப்படி மாறியிருக்கிறது, போட்டிப் பிரிவும் அந்த உடலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. தங்கம் கிடைத்த பிரிவிலேயே பிள்ளையைக் கட்டிப்போட்டு வைக்கும் பழக்கம் ஊறிப்போன நம் சூழலில், இந்த ஒரு பிரிவு மாற்றத்தை நான் பதக்கத்துக்கு இணையாக மதிக்கிறேன்.

மாநில, மாவட்ட அளவிலான சப்-ஜூனியர் போட்டிகளின் எடைப் பதிவு நேரத்தில் ஒருமுறை அரங்கத்துக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். உச்சி வெயிலில் இரண்டு மூன்று டிராக் சூட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். உதடு வெடித்திருக்கும். வாயில் மிட்டாயைப் போட்டு எச்சில் ஊறவைத்துத் துப்பிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அரைக் கிலோ குறைய அதுவும் ஒரு வழி என்று யாரோ பெரியவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எடை சரியாக இருந்தது என்றவுடன் அம்மா நீட்டும் தண்ணீர் பாட்டிலை அந்தப் பிள்ளை வாங்கிக் குடிக்கிற வேகத்தைப் பார்க்க மனம் பொறுக்காது.

எடைப் பிரிவு எதற்காக வந்தது? ஏறக்குறைய ஒரே உடலமைப்புள்ள இருவர் நியாயமாக மோத வேண்டும் என்பதற்காக. 44 கிலோ இருக்கிற பிள்ளை பட்டினி கிடந்து 40 கிலோவில் இறங்குகிறது. எதிரில் நிற்கும் பிள்ளையும் அதையே செய்துவிட்டு வந்து நிற்கிறது. இருவரும் வாடிப்போய் மோதுவதைத் தவிர இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜூடோவில் இது வெறும் சோர்வோடு முடிகிற விஷயமும் இல்லை. இந்தக் கலையில் முதலில் கற்றுத்தருவது விழுவதற்குத்தான். தூக்கி எறியப்படும் நொடியில் தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல் காத்து, கையால் மேட்டை, அதாவது ஆடுகள மெத்தையை, ஓங்கி அறைந்து விழுகிற வேகத்தைச் சிதறடிக்க வேண்டும். 'உகேமி' எனப்படும் இந்தப் பயிற்சிக்குக் கழுத்தில் பலமும் உடம்பில் விழிப்பும் தேவை. தோல்வியைத் தவிர்க்கத் தலையை ஊன்றி உடலை வில்லாக வளைத்து விழுந்தால் அதை எதிராளிக்கு 'இப்போன்', அதாவது முழு வெற்றி என்றே நடுவர் அறிவிக்க வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பு விதி செய்திருப்பதும் கழுத்தையும் முதுகெலும்பையும் காப்பதற்காகத்தான். விதிகள் இவ்வளவு அக்கறையோடு காக்கும் அந்தத் தலையையும் கழுத்தையும், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத பிள்ளையை மேட்டில் இறக்கி நாமே ஆபத்தில் தள்ளுகிறோம்.

உக்ரைனின் தாரியா பிலோடிட் கதை இங்கே பொருத்தமானது. 2018இல் பாகு நகரில், 17 வயதில், 48 கிலோ பிரிவில் சீனியர் உலக சாம்பியன் ஆனார். அந்த வயதில் அதற்கு முன் யாரும் ஆனதில்லை. அடுத்த ஆண்டு டோக்கியோவில் மறுபடியும் தங்கம். ஆனால் 170 சென்டிமீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருந்த அந்தப் பெண்ணை 48 கிலோவுக்குள் எத்தனை நாள் அடைத்து வைக்க முடியும்? டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற பிறகு அவர் 57 கிலோ பிரிவுக்கு மாறினார். இடையில் இருந்த 52 கிலோ பிரிவைத் தாண்டி அவர் போய் நின்ற இடமே, அந்த உடல் எவ்வளவு காலம் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எடை வரம்பை மீறிய வெறும் 100 கிராம், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தைத் தகுதி நீக்கம் செய்ய வைத்த அநியாயத்துக்காக நாடே கொதித்தது. அன்று கொதித்தவர்கள், எடை குறைக்கும் அதே வேலையை நம் ஊர் அரங்கங்களில் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜப்பான் இதில் துணிந்து ஒரு முடிவெடுத்தது. 1882இல் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கிவைத்த நாடு அது. ஒலிம்பிக் ஜூடோவில் அதிகத் தங்கம் வென்ற நாடும் அதுவே. அந்த நாட்டின் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் சாம்பியன்ஷிப்பை 2022இல் நிறுத்திவிட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகளை எடை குறைக்க வைப்பதும், பெற்றோரும் பயிற்சியாளர்களும் வெற்றி வெறியில் களத்தின் ஓரத்திலிருந்து கத்துவதும் எல்லை மீறிவிட்டதை அந்த அமைப்பு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் 1984 ஒலிம்பிக் சாம்பியன் யசுஹிரோ யமாஷிதா. பன்னிரண்டு வயதில் தேசியப் பட்டம் இல்லாவிட்டாலும் நல்ல ஜூடோக்கா (ஜூடோ வீரர்) உருவாவார் என்று அவர்களால் நம்ப முடிகிறது. அந்த நம்பிக்கை நமக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

நம்மிடம் பிள்ளைகளின் பதக்கத்துக்குப் பின்னால் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீடு, கல்லூரி இடம் என்று ஒரு வரிசையே நிற்கிறது. வசதியில்லாத குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பது தெரிந்துதான் எழுதுகிறேன், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பொறுப்பு முதலில் போட்டி நடத்துபவர்களுடையது. சர்வதேசப் போட்டிகளில் முந்தைய நாள் எடை பார்த்த பிறகு, மறுநாள் காலை சிலரைக் குலுக்கல் முறையில் அழைத்து மறுபடி எடை பார்க்கிறார்கள். பிரிவின் வரம்பைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. 57 கிலோ பிரிவு என்றால் 59.85 கிலோவைத் தாண்டக் கூடாது. பட்டினி கிடந்து எடை குறைத்து, இரவோடு இரவாக அதை ஏற்றிக்கொள்வதற்குப் பெரியவர்களுக்கே இப்படி ஒரு தடுப்பு இருக்கும்போது, பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதைவிடக் கடுமையான தடுப்பு வேண்டாமா?

மாநிலச் சங்கங்களிடம் நான் கேட்பது செலவில்லாத காரியம். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் இயல்பான எடையையும் உயரத்தையும் பள்ளியிலோ கிளப்பிலோ எழுதி வையுங்கள். அந்த எடைக்குக் கீழே உள்ள பிரிவில் அந்த ஆண்டு பெயர் கொடுக்க அனுமதிக்காதீர்கள். எடை கூடி மேல் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்குத் தடை எதுவும் வைக்காதீர்கள், கடைசி நாளில் மாற்றம் கேட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சப்-ஜூனியர் எடைப் பதிவை ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னதாக, மேட்டின் அருகிலேயே வையுங்கள். நீர் வற்றிய உடம்போடு உடனே ஆட வேண்டும் என்று தெரிந்தால் எடை குறைக்கும் ஆசை பாதியாவது தணியும். மீதிப் பாதிக்கு, வெயிலில் டிராக் சூட்டோடு ஓடும் பிள்ளையைக் கண்டால் அந்தப் பயிற்சியாளரை அன்றைய போட்டியிலிருந்து வெளியேற்றும் அதிகாரத்தைத் தலைமை நடுவருக்கு எழுத்தில் கொடுங்கள்.