ஏழு துளை ஊசி

போன ஆகஸ்டில், இங்கே சிங்கப்பூரில் நான் தினமும் கடந்து போகும் கடைத்தொகுதி வாசலில் ஆளுயர ரோஜாப் படம். கீழே ‘சீனக் காதலர் தினம், ஜோடிகளுக்குச் சிறப்பு விருந்து’. "பிப்ரவரியில ஒண்ணு பத்தாதா? இது என்னடி புது வியாபாரம்?" என்றாள் கூட வந்த தோழி.

வியாபாரம்தான் புதுசு, நாள் ரொம்பப் பழசு. சிஷி என்பார்கள், ஏழாம் இரவு. சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் வளர்பிறை ஏழாம் நாள். வானுலக நெசவுக்காரிக்கும் பூமியில் மாடு மேய்ப்பவனுக்கும் கல்யாணம் ஆகிறது. மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. நடுவில் பால்வீதியை ஆறாக ஓடவிட்டுப் பிரித்துவிடுகிறார்கள். வருஷத்தில் இந்த ஓர் இரவு மட்டும் மாக்பை பறவைகள் கூடிப் பாலமாக நிற்க, இருவரும் சந்திக்கலாம்.

இந்த ஜோடி நமக்கும் தெரிந்தவர்கள்தான். நெசவுக்காரி நம் அபிஜித் நட்சத்திரம். மாட்டுக்காரன் திருவோணத்தின் நடு நட்சத்திரம். இருபுறமும் இருக்கும் சின்ன நட்சத்திரங்கள் அவன் காவடிக் கூடையில் தூக்கிப்போகும் இரண்டு பிள்ளைகளாம். மொட்டைமாடியில் இதை முதன்முதலில் பார்த்தபோது, கல்யாணப் பொருத்தத்துக்கு மட்டும் நட்சத்திரம் கேட்கிற நம்மை நினைத்துச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஆதியில் இவர்கள் காதலர்களே இல்லை. சீனர்களின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில் இருவரும் வருகிறார்கள், வசை வாங்க. அன்று சீனாவை ஆண்ட சௌ அரசுக்கு அள்ளிக் கொடுத்தே ஓய்ந்துபோன கீழ்த்திசை மக்களின் புலம்பல் அது. நெசவுக்காரி என்று பேர், ஒரு முழம் துணி நெய்ததில்லை. மாடு என்று பேர், ஒரு வண்டி இழுத்ததில்லை என்கிறார்கள். கண்ணீரும் பிரிவும் பல நூற்றாண்டு கழித்து, ஹான் அரசர்கள் காலத்துக் கவிதையில்தான் வருகின்றன.

திருவிழா யாருடையது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். 6-ஆம் நூற்றாண்டில் ஸோங் லின் எழுதிவைத்த பழக்கவழக்கக் குறிப்பில், அன்றிரவு பெண்கள் வண்ண நூலை எடுத்து ஏழு துளை ஊசியில் கோர்க்கிறார்கள். முற்றத்தில் பழம் படைத்து, நெசவுக்காரியிடம் கைத்திறன் கேட்கிறார்கள். பழத்தின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தால் வேண்டுதல் பலித்தது. மாப்பிள்ளை கேட்டு அல்ல, கைக்கு வேலை படியவேண்டும் என்று!

அதைவிட, தென்சீனாவின் குவாங்டோங்கில் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்து, கல்யாணத்தின்போது போடும் கொண்டையைத் தாமே முடிந்துகொண்ட பெண்கள் இருந்தார்கள். பட்டுத் தொழிலில் சொந்தச் சம்பாத்தியம் பார்த்தவர்கள். பின்னாளில் பலர் இங்கேயும் மலாயாவிலும் வீட்டுவேலைக்கு வந்தார்கள். இந்த நாளை ஏழு சகோதரிகள் விழா என்று சீட்டுப் பிடித்து, காசு சேர்த்துக் கொண்டாடியவர்களில் அவர்களும் உண்டு. அதே நாளில்தான் இன்று தனியாகப் போனால் விருந்து இல்லை. எனக்குக் கோபம் அதில்தான். காதலைக் கொண்டாடட்டும், யார் வேண்டாம் என்றது? 2006-இல் சீனா இதைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருந்து என்ன, வாசலில் ரோஜா இருந்த அளவுக்கு ஒரு நூல்கண்டு இல்லையே.

அன்றிரவு வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று, அரை நிலா வெளிச்சத்தில் ஊசி கோர்த்துப் பார்த்தேன். ஒற்றைத் துளை ஊசிதான். நூல்முனையை எச்சில் தொட்டு முறுக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு... நாலாவது தடவைதான் போனது.