கொசு வளர்க்க ஒரு வாளி

மழை விட்ட மறுநாள் தெருவில் புகை மருந்து அடிப்பார்கள். கவுன்சிலர் கூடவே நடந்து போட்டோ எடுத்துக்கொள்வார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்நேரம் கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் சட்டை மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும். ஃப்ரிட்ஜ் பின்னால் தண்ணீர்த் தட்டில் நெளிகிற புழுவை அந்தப் புகை ஒன்றும் செய்யாது. நோய் பரவும் நேரத்தில் அவசரத்துக்கு அடிக்க வேண்டியதை நாம் வருஷா வருஷம் சடங்காக்கிவிட்டோம்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கொசுவை வளர்த்து விட்டார்கள். ஊரை 24 பகுதியாகப் பிரித்து, 12-ல் மட்டும். வீட்டுப் பின்புறம் ஒரு சின்ன வாளி, அதில் தண்ணீர், கொஞ்சம் மீன் தீனி, கொசு முட்டை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதிலிருந்து கிளம்பிய கொசுக்களின் உடம்பில் வொல்பாகியா என்ற பாக்டீரியா. பழ ஈ உட்பட ஏகப்பட்ட பூச்சிகளில் இயற்கையாகவே இருப்பதுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இயல்பாகக் கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓநீல் குழு வருஷக்கணக்கில் மெனக்கெட்டு, பழ ஈயிலிருந்து எடுத்து ஊசியால் கொசு முட்டைக்குள் ஏற்றியது. 2011-ல் கெய்ன்ஸ் பக்கம் முதலில் பறக்கவிட்டார்கள்.

வொல்பாகியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. தாயிடமிருந்து குஞ்சுகளுக்கும் போகும். அது உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆக, கொஞ்ச மாதத்தில் ஊர்க் கொசுவெல்லாம் இந்த ஜாதியாகிவிடும். 2021-ல் முடிவு வந்தது: வாளி வைத்த பகுதிகளில் மற்ற பகுதிகளைவிட டெங்கு 77 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு.

எனக்கு அந்த சதவீதத்தைவிட வாளிதான் பெரிய விஷயம். "கொசுவை ஒழிக்கச் சொன்னா என் வீட்லயே வளர்க்கச் சொல்றியா?" என்று எந்த அம்மாவும் கேட்பார். ஆய்வை நடத்திய பேராசிரியர் அதி உதாரினியின் குழு கூட்டம் போட்டுப் பேசியது, சுவரில் படம் வரைந்தது. அதற்கப்புறம்தான் முட்டை.

நாம் இதில் ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறோம். 1970-களில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சேர்ந்து ஹரியானாவின் சோனிபட்டில் மலட்டுக் கொசு விடத் தயாராயின. அமெரிக்கப் பணம், உயிரியல் ஆயுதம் என்று பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகம் கிளம்பி, 1975-ல் திட்டத்தையே மூடினார்கள். சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விவரம் சொல்லாத இடத்தில் வதந்திதான் பேசும்.

புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் கொசு ஆராய்ச்சி மையம் வொல்பாகியா ஏற்றிய ஏடிஸை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. இரண்டு வகை, அதில் ஒன்று வெயிலை நன்றாகத் தாங்கும். நம் மே மாதத்துக்கு அது முக்கியம்.

தெருவுக்கு வரும் நாளில் வாட்ஸ்அப் வதந்திக்கு முன்னால் விஞ்ஞானி வரட்டும். வார்டு கூட்டத்தில் நின்று தமிழில் பதில் சொல்லட்டும். ஜீனை மாற்றினீர்களா (இல்லை), கடிக்குமா (பெண் கொசு கடிக்கும்), அந்த பாக்டீரியா எங்களுக்குப் பரவுமா (பரவாது), தொட்டியை இனிமேலும் மூடணுமா (கட்டாயம்). எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வாளிக்கு இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் கேட்டு வைக்கிறேன்.